முந்நூற்றுப் பத்து கிராம்

பாடாங் செராய் பழைய இரும்புக் கடையில்
தராசு என் பொறுப்பு.
அலுமினியம் தனி, பித்தளை தனி.
செம்புக் கம்பிக்குத் தோலுரித்தால் ஒரு விலை,
உரிக்காவிட்டால் ஒரு விலை.

துரை பங்களாவை இடிக்கும் ரஃபிக்
சாக்கைக் கவிழ்த்தான்.
கதவுப் பூண், குழாய்த் தலை, விளக்குத் தண்டு,
நடுவில் ஓர் ஆள்.
சாண்கூட இல்லை.
வெண்கலம். பச்சை பூத்த உடம்பு.
வலக்கை தலைக்கு மேல் ஓங்கியிருக்கிறது.
முட்டிக்குள் துளை மட்டும். ஆயுதம் எங்கோ விழுந்துவிட்டது.
இடக்கையில் ஈரத் துண்டுபோல் தொங்குகிறது
ஒரு சிங்கத்தின் தோல்.

முனியாண்டி என்றான் லோரிக்காரச் சன்னாசி.
கோவணமும் இல்லாத முனியாண்டியா என்றேன்.
குலை வெட்டுகிறவன் என்றார் துளுக்காணம்,
கம்பி உரித்தபடி, தலை நிமிராமல்.
'நிற்கிற நிலையைப் பார். அரிவாள்தான் காணோம்.'

உள்ளங்காலில் மையால் ஓர் எண்,
பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஏதோ ஊர்ப்பெயர்.
இரவு கைப்பேசியில் தேடினேன்.
எத்ருஸ்கர் என்று ஒரு சனம்.
ரோமாபுரி பெரிய ஊராகுமுன்பே அந்தப் பக்கம் இருந்தவர்கள்.
இவன் பெயர் ஹெர்க்லே.
சின்ன ராஜா ஒருவனிடம்
பத்து வேலைக்கு ஒப்பந்தம்.
சிங்கத்தைக் கொன்றான், மாட்டுத் தொழுவம் கழுவினான்,
முடித்து வந்து நின்றால்
இரண்டை அடித்துவிட்டான் ராஜா:
ஒன்றுக்குத் துணையாள் வைத்தாய்,
ஒன்றுக்குக் கூலி கேட்டாய்.
ஆகப் பன்னிரண்டு.

கிராணி பேர் வெட்டுவது
அப்போதே இருந்திருக்கிறது.
அது எனக்குப் புதிதில்லை, தூங்கிப்போயிருப்பேன்.
தூங்கவிடாதது ஒரு கண்ணாடி.
அந்தச் சனம் வெண்கலத்தில் வார்த்த முகக் கண்ணாடி.
அதன் முதுகில் கீறியிருக்கிறார்கள்:
தாடி வளர்ந்த ஹெர்க்லே
ஊனி என்ற தெய்வத்தின் மார்பில்
வாய் வைத்துப் பால் குடிக்கிறான்.
சுற்றிலும் தெய்வங்கள், சாட்சிக்கு.
பலகை ஒன்றில் எழுத்து:
ஊனியின் மகன் இவன், பால் குடித்தான்.

இத்தனை வயசுக்கப்புறமா?
இத்தனை வேலைக்கப்புறமா?

துளுக்காணத்துக்கு அறுபத்தொன்று.
இப்போது இடிபடும் பங்களாவுக்குப் பின்னால்
எட்டாம் நம்பர் லயத்தில் பிறந்தவர்.
கித்தா இருந்தவரை பால் வெட்டினார்,
செம்பனை வந்தபின் குலை வெட்டினார்.
பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.
அடையாள அட்டை இன்னும் சிவப்பு.
சுங்கை பட்டாணிப் பதிவு அலுவலகத்துக்கு
எத்தனை தடவை போனார் என்று அவர் எண்ணுவதில்லை.
லீவு நோட்டு என் மேசையில் இருப்பதால்
எனக்குத் தெரியும்.
ஒரு தடவை நகல் மங்கல்.
ஒரு தடவை, சாட்சி சொல்ல வேண்டியவர்
முந்தின வாரம் செத்துப்போயிருந்தார்.
அவையும் கணக்கில் சேரவில்லை.

காலையில் படத்தைக் காட்டினேன்.
விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கி
நெடுநேரம் பார்த்தார்,
தெய்வத்தின் மார்பையல்ல, பலகையை.
'இதுல கையெழுத்து போட்டது யாரு?' என்றார்.

வெண்கலம் கிலோ இருபத்திரண்டு வெள்ளி.
ரஃபிக்குக்குப் போனது ஆறு வெள்ளி எண்பது.
வெள்ளிக்கிழமை உருக்காலை லோரி வரும்,
எல்லாம் ஏற்று என்றார் தவுக்கே.
கல்லாவில் என் காசு எட்டு வெள்ளி போட்டேன்.
ஏட்டில் எழுதினேன்: குழாய்த் தலை, ஒன்று, விற்றது.
எழுதிவிட்டால் அதுதானே உண்மை.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில்
துளுக்காணம் சட்டைப்பையில் போனான் ஹெர்க்லே.
ஓங்கிய கை மட்டும்
பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது,
பெரட்டில் பேர் கூப்பிட்டதற்கு
ஆஜர் சொல்வதுபோல.

மத்தியானமே திரும்பிவிட்டார்.
மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்களாம்.
வேறொன்றும் பேசவில்லை.
உட்கார்ந்து கம்பி உரித்தார்.
ஒரு துண்டை நறுக்கி, நுனியைக் கல்லில் தேய்த்து,
அந்தச் சின்ன முட்டியின் துளையில்
செருகிப் பார்த்தார். சரியாக இருந்தது.

இரண்டு கிராம் கூடியிருக்கும்.
நான் நிறுத்துப் பார்க்கவில்லை.